நாற்பது பேருக்கு ஓர் அறை

என் மகன் சேலத்தில் வாடகைக்கு வீடு தேடுகிறான். போன வாரம் போனில் யாரோ எத்தனை பேர் என்று கேட்க, "மூணே பேருதாங்க" என்றான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்தேன். என்னைச் சேர்த்தால் நாலு. அந்தப் பொய்யை அவனுக்கு முன்பே சொன்னவள் நான்.

எனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். அம்மா பாறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, சேலத்துப் பெரியாஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தாள். இனி வீட்டிலேயே படுத்திருக்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு மலையேறக் கூடாது, அந்த ரோட்டு வளைவுகளில் குலுங்கினால் எலும்பு சேராது, அப்புறம் நடக்கவே மாட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். மிளகு விற்ற காசை மடியில் முடிந்து, ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு சேலத்தில் வாடகைக்கு இடம் பார்க்க, எங்கள் மலைமேல் இருக்கும் சோளக்காடு என்ற ஊரில் அப்பா பஸ் ஏறினார். நானும் அழுது அடம்பிடித்துக் கூடவே ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியை ஒட்டிய வீடுகளின் வாடகை எங்களுக்கு எட்டவில்லை. தறிச் சத்தம் கேட்கும் குகை என்ற பேட்டைப் பக்கம் போனோம். அங்கே வாடகை கட்டுப்படியாகும். ஆனால் எல்லா வாசலிலும் ஒரே கேள்வி.

"எத்தனை பேருங்க?"

எங்கள் மலையில் பெண் கேட்கப் போனாலும் காட்டைக் குத்தகைக்குக் கேட்டாலும் அதுதான் முதல் கேள்வி. பின்னால் நிற்க ஆள் இருக்கிறவன்தான் மனுஷன். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விரல் மடக்குவார்.

"அண்ணந்தம்பி அஞ்சு பேருங்க. மாமன் மச்சான் ஏழு பேரு. நோம்பி வந்தா நாப்பது எலை விழுமுங்க!"

"நாப்பதா? இதென்ன ஊடுங்களா, சத்திரமுங்களா?" என்று முதல் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டில் ஐந்தாவது விரல் மடங்கும்போதே கதவு சாத்தியாயிற்று. மூன்றாவது வீட்டிலும் அதே கதை.

தெருவில் நின்று அப்பா யோசித்தார். "ஆளு பத்தலையோ என்னமோ. உங்க அம்மாயி ஊட்டு ஆளுங்களையுஞ் சேத்திச் சொல்லட்டுமா கண்ணு?"

ஆள் கூடக்கூடத்தான் கதவு சாத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது. நாலாவது வீட்டில் ஒரே அறை, ஓரத்தில் அடுப்பு, பின்னால் கிணறு. வாடகை அப்பா நினைத்ததைவிடக் குறைவு. வீட்டுக்காரம்மா நூல் சுற்றிக்கொண்டே கேட்டதும், அப்பா விரலை நீட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மூணே பேருங்க. வேற எங்களுக்கு யாருமே இல்லீங்க."

அந்தம்மா சாவியைக் கொடுத்தார். வாசல்வரை வந்த அப்பா அப்படியே திரும்பினார். சாவியை நூல் கூடையில் வைத்தார்.

"புள்ள பொய் சொல்லிட்டாங்க. உசுரோட இருக்கறவங்கள இல்லீன்னு சொல்லிட்டு நான் குடிவர முடியாதுங்க. நாப்பது பேரு இருக்கறாங்க."

அம்மா இனி நடக்கவே மாட்டாள் என்று நான் பெருங்குரலெடுத்து அழுதேன்.

"நாப்பது பேருமா இங்க தங்குவாங்க?" என்று அந்தம்மா கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"இல்லீங்க. பாத்துட்டுப் போவாங்க. ஒருத்தரு மாத்தி ஒருத்தரு."

"சாவியக் குடுத்துட்டு அதத்தாங்க நெனச்சிட்டிருந்தேன். யாருமில்லாத பொம்பள படுத்த படுக்கையாக் கெடந்தா, நாந்தான தூக்கோணும்? எடுங்க சாவிய. அந்தப் பழத்த இப்படி வெச்சுட்டுப் போங்க. நீ எதுக்கு சாமி அழுவற?"

அப்பா சொன்னபடியே சாமையும் கிழங்குமாக ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். வந்த ஒவ்வொருவரையும் அப்பா அந்தம்மாவிடம் முறை சொல்லி நிறுத்திக் காட்டுவார். மூன்று மாதம் கழித்து அம்மா தன் காலால் நடந்து பஸ் ஏறினாள்.

ஆனால் சாவி வாங்கிய அன்றைக்கு, மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் அப்பாவோடு பேசவில்லை. கைக்கு வந்த வீட்டை வீம்புக்குத் தொலைக்கப் பார்த்தாரே என்று கோபம். அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு, மறுபடியும் விரல் மடக்கிக்கொண்டே வந்தார். இன்னும் பெருமை அடங்கவில்லை என்று நினைத்தேன். அத்தனை பேரை விட்டு ஓர் இரவுகூடத் தனியாகப் படுத்தறியாத மனுஷன், மூன்று மாதம் அந்த அறையில் எப்படிக் கிடப்பது என்று பயந்துபோய் எண்ணுகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.