படத்தில் நான் ஒரு அம்புக்குறி

எண்பதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறி முதலாளியிடம் நான் தள்ளுவண்டிக்காரன். பாவு நூல் சுற்றிய உருளையைக் குடோனில் ஏற்றி நெசவாளர் வீட்டில் இறக்குவேன். நெய்த சேலையை ஏற்றி வருவேன். படிப்பு ரெண்டாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள்.

முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். அதற்கு வேலை சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். பெட்டியைத் தொடுவார் என்று பார்த்தால், சுவரில் பெரிய தாளை ஒட்டிக் கட்டம் கட்டமாக வரைந்தார். 'குடோன்' ஒரு கட்டம், 'நெசவாளர் வீடு' ஒரு கட்டம், நடுவே ஒரு அம்பு.

"இந்த அம்பு யாரு தெரியுமா அண்ணே? நீங்கதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாமி படம் மாட்டும் சுவரில் நான்!

"யார் பேருல உருளை போகுதோ, அவங்க வீட்டுலதான இறக்குவீங்க?" என்று கேட்டார்.

பக்கத்தில் முதலாளி. உருளையைக் கைமாற்றினால் வேலை காலி என்பது அவர் சட்டம். ஆனால் ஒரு வீட்டில் தறி நின்றுபோனால் அடுத்த வீட்டில் இறக்குவது எங்கள் வழக்கம். குடோன்காரர் காதில் மட்டும் போட்டுவைப்பேன், அவர் கணக்கு நோட்டில் சரிக்கட்டிவிடுவார்.

"ஆமா சார், அம்பு கணக்கா நேரா போவேன்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

கம்ப்யூட்டர் வந்ததும் குடோன்காரரை ராயகிரி குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து கம்ப்யூட்டர் அடித்துத் தந்த கணக்குத் தாளிலேயே தறி ஓட்டும் ஒரு அம்மாவின் பெயர்: பாவு போயிருக்கிறது, சேலை வரவில்லை. அவர் தறி மோட்டார் புகைந்ததால் உருளையை அடுத்த வீட்டில் இறக்கியவன் நான். சேலையெல்லாம் அந்த வீட்டுப் பெயரில் வந்து சேர்ந்திருந்தது. கம்ப்யூட்டருக்குக் காது ஏது?

"ஏலே, பாவு நூல வெளிய வித்திருக்கா. இனி அவளுக்கு ஒண்ணும் ஏத்தாத!" என்றார் முதலாளி.

மோட்டார் சரியாகியும் தறி சும்மா நின்றது. நான் அந்தத் தெருவையே விட்டுச் சுற்றினேன். ஆபீஸ் வாசல் வரை போவேன், பீடி பற்றவைப்பேன், திரும்பிவிடுவேன். மூன்றாம் நாள் அந்த அம்மா வண்டியை மறித்தார்.

"ஏன் அண்ணாச்சி, எங்க தெருவுல நாய் கடிக்குதோ? நான் வாயத் தொறந்தா ஒங்க வேல போயிரும்னு பேசாம இருக்கேன். புள்ளைகளுக்குப் பசிக்காதா?"

அவர் என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். நான் பீடி குடித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன். முதலாளி, மதுரைக்காரர் இருவர் முன்னாலும் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏலே, ஒன்னய..." முதலாளி கீழே குனிந்து செருப்பைக் கையில் எடுத்தார்.

மதுரைக்காரர் குறுக்கே வந்தார். "இருங்க சார், படமே தப்பு." என் அம்பை அழித்தார். நடுவில் ஒரு சாய்வுக் கட்டம் போட்டு 'தறி ஓடுதா?' என்று எழுதினார். ஆமாம் என்றால் அந்த வீடு, இல்லை என்றால் அடுத்த வீடு.

"அண்ணே, எப்படி நடக்கணும்னு நான் கேக்கல. எப்படி நடக்குதுன்னு சொல்லுங்க. இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"ஒக்காந்து கேளுங்க சார், நேரமாவும்" என்றேன். முதலாளி செருப்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்.

அன்று சாயங்காலமே அந்த அம்மா வீட்டில் உருளையை இறக்கினேன். இப்போதும் யாராவது "வேலை எப்படிப் போகுது?" என்றால், "நேரா போகுது" என்று என் வாய் முந்திக்கொள்ளும். உடனே அந்தத் தெருவில் சத்தமில்லாமல் நின்ற ஒரே தறி நினைவுக்கு வரும், நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்ததைச் சொல்லத் தொடங்குவேன்.