என் முதுகை வரைந்த பெண்

பின்னால் யாரோ வருகிறார்கள் என்பது முதுகுக்கு எப்படித்தான் தெரிகிறதோ... தெரிந்துவிடுகிறது.

எனக்குத் தெரிந்தது போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆபீஸ் போவதற்காகக் கொரட்டூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தேன். சற்றுத் தள்ளி ஒரு தூணின் பக்கத்தில் ஒரு பெண். கறுப்பு பேன்ட், தொளதொள சட்டை, முகத்தில் மாஸ்க், தோளில் பெரிய பை. இருபது வயதுகூட இருக்காது. நான் திரும்பியதும் சட்டென்று போனைப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் வேறு எதைப் பார்க்கிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து இறங்கினால், அதே தூண், அதே பெண். தள்ளுவண்டியில் நான் கத்தரிக்காய் பொறுக்கும்போது எதிர்க்கடை வாசலில் நின்றாள். நான் தெருவுக்குள் திரும்பியபோது அவளும் திரும்பினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சே வந்தது.

பல வருடங்களாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் வீரம் தெரியும். ஒரு கரப்பான் பூச்சிக்கு மொத்த அபார்ட்மென்ட்டையும் கூட்டுகிற ஆள் நான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். உன்னை ஃபாலோ பண்ணுகிற அளவுக்கு உன்னிடம் என்ன இருக்கிறது என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். தாலிச் செயின் இருக்கிறதே... அதை வாங்கித் தந்தவருக்கே ஞாபகம் இல்லை!

மறுநாள் செயினை ஜாக்கெட்டோடு சேர்த்து ஊக்கு குத்திக்கொண்டு கிளம்பினேன். லேடீஸ் பெட்டியில் ஏறினால் அந்தக் கதவோரம் அவள். அதற்கடுத்த நாள் கூட்டம் பிதுங்கும் பொதுப்பெட்டியில் ஏறினேன், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளாட்ஃபாரத்தில் நின்று எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எந்தப் பெட்டியில் ஏறுகிறேன் என்று யாருக்கோ கணக்குக் கொடுக்கிறாள் — அப்படித்தான் நினைத்தேன். அன்று ஆபீசில் வேலை ஓடவில்லை. தனியாக பாத்ரூம் போகக்கூடப் பயமாக இருந்தது. சிரிக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை மாலை, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் வேலுவிடம் சொல்லிவிட்டேன். மழை நாளில் என்னை வீட்டில் விடுகிறவன், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். யாருக்கா அது என்று கேட்டான். கையை நீட்டிக் காட்டினேன். கையை நீட்டுவது எவ்வளவு சுலபமான வேலை!

அடுத்த நிமிடம் அவளைச் சுற்றிப் பெரிய வட்டமே போட்டுவிட்டார்கள்.

"இன்னாம்மா, எங்க அக்காவ இன்னாத்துக்கு இத்தினி நாளா சுத்திகினு கீறே?" என்றான் வேலு.

அவள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். யாரோ மாஸ்க்கை இழுத்தார்கள். யாரோ பையைப் பிடுங்கினார்கள். ஜிப் பிய்ந்து பென்சில், இரும்பு ஸ்கேல், பசை டியூப் எல்லாம் தரையில் சிதறின. கூடவே ஒரு கட்டர், பேப்பர் வெட்டுகிற பிளேடு கட்டர்.

"கத்தி வச்சிருக்கா" என்றது ஒரு குரல்.

அந்த வார்த்தை விழுந்ததும் கூட்டத்தின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை எனக்காகப் பேசியவர்கள், அதற்குப் பிறகு யாருக்காகவும் பேசவில்லை. ஒரு கை ஓங்கியது. அந்தக் கையைத் தடுத்தவனும் வேலுதான், அதைச் சொல்லியாக வேண்டும். நாலைந்து போன்கள் உயர்ந்தன. அந்தப் பெண் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நான் டிசைன் காலேஜ் ஸ்டூடன்ட் ஆன்ட்டி. உங்கள அப்சர்வ் பண்றது என்னோட அசைன்மென்ட்."

கழுத்தில் சட்டைக்குள் ஐ.டி. கார்டு இருந்தது. பெயர் பிரின்சி. மண்ணூர்பேட்டைப் பக்கம், தொழிற்பேட்டையில் மூடிப்போன ஒரு பழைய ஃபேக்டரி ஷெட்டில் நடக்கிற தனியார் டிசைன் கல்லூரி. இரண்டாம் வருடம். அதிலிருந்த நம்பருக்கு வேலு போன் போட்டான். டீச்சர் பதறிப்போய்ப் பேசினார். வந்த வேகத்தில் கூட்டம் கலைந்தது. வேலு பென்சில்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு டீ சொல்லப் போனான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மெல்ல மெல்லச் சொன்னாள். முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் கவனிக்க வேண்டுமாம். அவருக்கு 'யூசர்' என்று பெயர். அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் இயல்பாக இருக்கமாட்டார். பிறகு போய் அனுமதி கேட்டு, அவருக்கு என்ன கஷ்டம் என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு பொருளை வடிவமைக்க வேண்டும். இவள் என் தோள்பையைப் பார்த்துவிட்டு என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். ஏன் வந்து கேட்கவில்லை என்றேன்.

"பயமா இருந்துச்சு ஆன்ட்டி. தெனமும் நாளைக்குக் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். நீங்க மொறச்சுக்கிட்டே இருந்தீங்க."

நான் அவளுக்குப் பயந்து முறைக்க, அவள் என் முறைப்புக்குப் பயந்து ஒளிய... ஒரு வாரம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது.

அவளுடைய பெரிய பயம் நான் இல்லை. ஜூரி. செமஸ்டர் முடிவில் செய்ததை எல்லாம் பலகையில் குத்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வெளியிலிருந்து வருகிற நிபுணர்கள் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார்கள். முதல் வருடம் ஒரு பையன் பதில் சொல்லிக்கொண்டே மயங்கி விழுந்தானாம். இவள் பாத்ரூமில் வாந்தி எடுத்துவிட்டு வந்து நின்றாளாம். நாம் பேசும்போது ஜூரி தன் பேனாவை மூடிவிட்டால் அத்தோடு காலி என்பது சீனியர்கள் சொல்லித்தரும் முதல் பாடம். அதனால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பதில்லை, பேனாவைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். வெளியே நிற்கிற நமக்கென்ன தெரியும்? பெயின்ட் அடித்துக்கொண்டு ஜாலியாக இருக்கிற படிப்பு என்றுதானே நினைக்கிறோம்.

டீ குடித்து முடித்தோம். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்தப் போன்களில் ஏதோ ஒன்று, அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வேலையைப் பார்த்துவிட்டது.

சனிக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் குரூப்பில் வந்தது. மாஸ்க் இழுபட்ட முகம், காலடியில் கட்டர். 'ரயிலில் பெண்களைப் பின்தொடர்ந்து கத்தியைக் காட்டி நகை பறிக்கும் பெண். கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி மக்களே உஷார். அதிகம் பகிரவும்.' படத்தின் ஓரத்தில், பையை இறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு முழங்கை. என்னுடையது.

அது பொய் என்று கீழே எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். படம் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. எனக்கு மறுபடியும் பயம் வந்தது. இந்த முறை என்னை நினைத்து இல்லை.

ஞாயிறன்று, டீக்கடையில் நான் அவளுக்குக் கொடுத்த நம்பரில் அவளுடைய அப்பா போன் செய்தார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சத்தம் போடுவார் என்று தயாராக இருந்தேன். போடவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஷிஃப்ட்ல எல்லாவன் போன்லயும் எம் பிள்ளை போட்டோ இருக்கு மேடம். ரயில்ல எவனாவது அடையாளம் கண்டு கைய வச்சிட்டாம்னா? படிப்பு போனாப் போவுது."

புதன்கிழமை ஜூரி. போகாவிட்டால் அந்த வருடம் போய்விடும். அவருக்கு வருடம் பெரிதில்லை, பிள்ளை பெரிது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கதவைப் பூட்டித்தான் வைத்திருப்பேன். ஆனாலும், நானே வந்து கூட்டிப்போய் நானே திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். எத்தனை மணி ரயில் என்று மட்டும் கேட்டார்.

புதன் காலை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஆவடி போனேன். பிரின்சி துப்பட்டாவைத் தலையில் சுற்றி, ஷீட்டுகள் சுருட்டிய நீளக்குழாயை அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். அப்பா ஸ்டேஷன் வரைக்கும் வந்து, ரயில் கிளம்பும்வரை எங்கள் பெட்டியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றார்.

லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். அண்ணனூர் ரயில் ஷெட்டுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் சிக்னல் விழாமல் ரயில் நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். எதிரே இருந்த பெண்மணி போனைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளினார். நிறுத்தினார். நிமிர்ந்து பிரின்சியைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார்.

ஒரு குரல் போதும். 'இவதானே அது' என்று ஒரே ஒரு குரல் எழுந்தால், ரயில் நிற்கிற இந்த இடத்தில் எங்கே இறங்கி ஓடுவது? கூட்டத்துக்கு எது போதும் என்று பார்த்தவள் நான்.

அந்தப் பெண்மணி மடியில் இருந்த பையை மெல்லத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அவ்வளவுதான். பிரின்சி அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரயில் கிளம்பிய பிறகும் பார்வையை எடுக்கவில்லை.

கொரட்டூரில் வேலு ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணித் தயாராக வைத்திருந்தான். நாங்கள் ஏறியதும் இரண்டு பக்கத் திரையையும் இறக்கிவிட்டான்.

அந்தப் பழைய ஷெட்டின் கூரையில் கிரேன் ஓடிய தண்டவாளம் இன்னும் இருக்கிறது. அதன் கீழே வரிசையாகப் பலகைகள். பலகைக்கு ஒரு பிள்ளை, தூக்கமில்லாத கண், நகக்கண்ணில் பசை. கேன்டீனில் ஈ காக்காய் இல்லை. யாருக்கும் தொண்டையில் இட்லி இறங்கவில்லையாம். டீச்சர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்.

பிரின்சி ஷீட்டுகளைக் குத்தினாள். எல்லாவற்றிலும் நான். எல்லாமே பின்னாலிருந்து. என் முதுகை நான் பார்த்ததே இல்லை... இவ்வளவு கூனியிருக்கிறேனா? திங்கட்கிழமை ஷீட்டில் பை தோளில் தொங்குகிறது. செவ்வாயன்று அக்குளில் இடுக்கியிருக்கிறது. புதனன்று பையே தெரியவில்லை, அதை நெஞ்சோடு அணைத்த இரண்டு முழங்கைகள் மட்டும். நாளுக்கு நாள் தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டே போகிறது. என் பயத்தை இவ்வளவு துல்லியமாக என் வீட்டுக்காரர்கூடக் கவனித்ததில்லை.

கடைசியாக ஒரு ஷீட் இருந்தது. பெண்களுக்கான பாதுகாப்பான பை, அவளுடைய டிசைன். அதை மட்டும் குத்தவில்லை. சுருட்டித் தரையில் வைத்துவிட்டாள். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஜூரி வந்தார்கள். மூத்தவர், நரைத்த தாடிக்காரர், ஷீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நன்றாகக் கவனித்திருக்கிறாய் என்றார். ஸ்டேஷனில் இந்த அம்மாவுக்கு என்ன பயம், வெளிச்சம் போதாதா, கூட்டமா, திருடனா என்று கேட்டார்.

பிரின்சி அவருடைய பேனாவைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் சார். என்னப் பாத்துத்தான் பயந்தாங்க. நான் அங்க இல்லைன்னா பை தோள்லயேதான் இருந்திருக்கும்."

அவர் பேனாவை மூடினார்.

டப்பென்று அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. பக்கத்துப் பலகைப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, திங்கட்கிழமை ஷீட்டுக்குத் திரும்பப் போனார். முதலிலிருந்து பார்த்தார். பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டார். இன்றைக்குக் காலையில் ரயிலில், என்றாள்.

மறுநாள் ரிசல்ட். ஆய்வுக்கு பாஸ், டிசைனுக்கு ரீ-ஜூரி. அடுத்த மாதம் புதிதாக ஒரு பொருளோடு மறுபடியும் நிற்க வேண்டும். போனில் இதைச் சொல்லும்போது சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அனுமதி வாங்கித்தான் கேட்கிறேன், மறுபடியும் யூசரா இருப்பீங்களா ஆன்ட்டி என்றாள். இந்த முறை முன்னால் நின்று வரையச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது தினமும் காலையில் கொரட்டூர் பிளாட்ஃபாரத்தில் அவளுக்காகக் காத்திருக்கிறேன். அவள் இறங்கியதும் வேலுவின் ஆட்டோ வரை கூடவே நடந்துவிட்டுத்தான் என் ரயிலைப் பிடிக்கிறேன். துப்பட்டா இன்னும் தலையில்தான் இருக்கிறது. நடக்கும்போது அடிக்கடி திரும்பிப் பார்க்கிறாள். யாராவது போனைத் தூக்கினால் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நேற்று தாம்பரத்திலிருந்து என் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே படம், அதே முழங்கை. அது யாருடையது என்று உடன்பிறந்தவளுக்கே தெரியவில்லை. கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். 'உங்க ஏரியாதானேடி? ஜாக்கிரதையா இரு.'

ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன் அக்கா — அந்தப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே.