பூநாரை எண்ணப் போன கதை

ஒரு திட்டம் வருமுன் அந்த இடத்தில் என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, வந்தால் அவற்றுக்கு என்ன கெடுதல் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் தொழில். வெயிலில் நின்று கறுத்துப்போன சக பாவப்பட்டவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மன்னார்த் தீவில் காற்றாலைக் கோபுரங்கள் வரவிருந்தபோது நானும் போனேன். ஒரு கோபுரத்துக்குக் குறித்த இடம் பூநாரைகள் மேயும் சேற்றுக்கரை. மீனவர் சங்கத் தலைவர் சூசை அண்ணனும் ஊராரும் வள்ளம் இழுப்பதும் வலை காயப்போடுவதும் அங்கேதான். பூநாரை உண்டென்று காட்டினால் கோபுரம் தள்ளிப் போகும், பறவைக்கும் ஊராருக்கும் கரை மிஞ்சும்.

அசையாமல் நிற்பது

பறவை எண்ணுகிறவன் வாய் திறக்காமல், ஆடாமல் அசையாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். அப்படி ஒருவன் நின்றால் ஊர் சும்மா விடுமா? சூசை அண்ணன் வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன். உடனே தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, செபம் முடிஞ்சதும் சொல்லுங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

கமராவில் விழுந்தவை

நரி, முயல் நடமாட்டம் அறியப் பற்றைப் புதர்களுக்குள் தானியங்கிக் கமராக்களைக் கட்டினோம். மன்னாரில் கழுதைகள் இஷ்டத்துக்குத் திரியும் என்பதை மறந்துபோனோம். படங்களைத் திறந்தால் கழுதையின் முகம், கழுதையின் பின்பக்கம், கமராவை நக்கும் கழுதை. எங்கள் குழுத் தலைவி, கொழும்பு மிஸ், பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்து முடித்தார்.

"எங்கட குழுவில ஒழுங்கா வேலைக்கு வாறது இதுகள்தான் போல."

வரவேற்பு

முடிவெடுக்கும் அதிகாரிகள் கரையைப் பார்க்க வரும் நாள் வந்தது. விடியவே போய்ப் பார்த்தேன், கரை முழுக்கப் பூநாரை. நிம்மதியாகப் போய் அவர்களை அழைத்துவந்தேன். அதற்குள் ஊரார் எங்களுக்கு உதவுவதாக நினைத்து, கத்தோலிக்க ஆயர் வந்தால் செய்வதையெல்லாம் செய்துவிட்டார்கள். தோரணம் கட்டி, உட்காரக் கதிரைகளும் போட்டிருந்தார்கள். வாகனம் கரைக்குத் திரும்பியதும் சீன வெடியைக் கொளுத்தினார்கள். அவ்வளவு பூநாரைகளும் ஒன்றாக எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டன.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூமாலையோடு நின்ற சூசை அண்ணன் என் முகத்தைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டு வாடிப்போனார். மூத்த அதிகாரி மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு வெறும் சேற்றைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மிஸ்ஸிடம் திரும்பினார்.

"ஒரு சீன வெடிக்கே இப்பிடி ஓடுற பறவையளுக்குப் பக்கத்தில ஆர் காத்தாடி நிறுத்துறது? தள்ளி வையுங்கோ."

கோபுரம் தள்ளித்தான் போனது, ஆனால் திட்டத்தால் வரும் பாதிப்பை அளக்கத் தெரிந்த எங்களுக்கு ஓர் ஊரின் உபசாரத்தால் வரும் பாதிப்பை அளக்க இன்னும் ஒரு வழி அகப்படவில்லை.