அருவி ஏறிய கல்லொட்டி

மீன் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் போதும், எந்த மீன் குழம்புக்கு நல்லது என்று கேட்காத ஆள் கிடையாது. பாசியில் வழுக்கி, பாறையில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு, ஈரச் செருப்போடு பஸ் ஏறுகிற வேலை பார்ப்பவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

கல்வராயன் மலையில் ஓர் அருவிக்கு மேலே அம்மன் மடு இருக்கிறது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், பேர் கல்லொட்டி. பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். அருவிக்குக் கீழேயும் அதே பேரில், அதே முகத்தோடு மீன் உண்டு. இரண்டும் ஒரே வம்சமா, வேறு வேறா? வேறு என்று காட்டினால்தான், மடுவில் வளர்ப்பு மீனான ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு விடும் அரசாங்கத் திட்டத்தை நிறுத்தச் சொல்ல முடியும். ஜிலேபி புகுந்துவிட்டால் கல்லொட்டி பிழைப்பது கஷ்டம். மழைக்கு முன்னால் குஞ்சு வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

வால் நுனி

அருவிக்கு மேலேயும் கீழேயும் பிடிக்கிற மீனைக் கொல்ல வேண்டியதில்லை. வாலில் எள்ளளவு நறுக்கிக்கொண்டு திரும்ப விட்டுவிடலாம், வால் வளர்ந்துவிடும். வலை போட உதவிக்கு வந்த சின்னான், ஒவ்வொரு மீனும் தண்ணீருக்குத் திரும்பும்போது ஒரு பெருமூச்சு விட்டார். மதியம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். அதில் மீன் இல்லை. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"புடிச்சீங்க, முடி வெட்டினீங்க, வுட்டுட்டீங்க. இதுக்குக் கள்ளக்குறிச்சிலேர்ந்து பஸ் புடிச்சு வரணுமாங்க?"

செக்போஸ்ட்

நறுக்கிய துண்டுகளை ஸ்பிரிட் ஊற்றிய சின்னக் குழாய்களில் போட்டு வைப்போம். கள்ளச்சாராயத்துக்குப் பேர்போன இந்த மலையிலிருந்து இறங்குகிறவள் பையில் ஸ்பிரிட் வாசனை வந்தால் என்ன ஆகும்? செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிட்டார்கள். அது அவர்கள் கடமை, தெரியும். ஆனாலும் வெயிலில் நிற்க வைத்ததில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

கான்ஸ்டபிள் ஒரு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். உள்ளே மிதந்த வால் துண்டை அப்படியும் இப்படியும் திருப்பி வெகுநேரம் பார்த்தார். அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. மீனுக்கு வலிக்காதா என்றுகூட விசாரித்தார். பிறகு பையை மூடித் தந்தார்.

"இந்த ரோட்டுல மீனுக்கு ஸ்பிரிட் ஊத்தற மொத ஆளு நீங்கதான் மேடம். போங்க, ஜாஸ்தி ஊத்தாதீங்க."

போனில் பாஸ்கர்

பரிசோதனைக்கூடத்தில் மரபணு பார்ப்பது பாஸ்கர், என்னோடு படித்தவன். மேல்மடு மீன் தனி வம்சம்தான் என்றான். குதிக்கப் போனேன். அதற்குள், மேல்மடுவில் எடுத்ததில் சில மட்டும் அச்சாகக் கீழ் ஓடை மீன்கள் என்றான். அருவி பனைமர உயரம். விரல் நீள மீன் அதில் எப்படி ஏறும்?

நான் குழப்பிவிட்டேன் என்று ஆனால் மொத்த ஆய்வும் குப்பைக்குப் போகும். பின்னாலேயே குஞ்சு வண்டி வரும். பாஸ்கருக்கோ சிரிப்பு.

"அருவி ஏற அது என்ன சால்மனா? குழாயை மாத்தி வச்சிட்டேன்னு ஒத்துக்கோ, தாயே."

சொம்பு

ஒத்துக்கொள்ளாமல் மறுபடி மலை ஏறினேன். மடுவோரம் உட்கார்ந்திருந்தபோது, அடிவாரத்து ஓடையோரம் குடியிருக்கும் அலமேலு, இலையால் வாய் மூடிய சொம்போடு மூச்சு வாங்க வந்தாள். உள்ளே உயிரோடு கல்லொட்டி!

விசாரித்தேன். காலில் சொறி வந்தால் பிள்ளையை மடுவில் உட்கார வைப்பார்களாம், மீன்கள் வந்து புண்ணைக் கொத்துமாம். ஆறிவிட்டால் வீட்டருகே ஓடும் தண்ணீரில் மீன் பிடித்து வந்து அம்மனுக்கு விடுவது வேண்டுதல். எல்லா வீட்டிலும் உண்டாம். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மறு நிமிஷமே பதறினேன். இப்படியே விட்டால் மேல்மீன் கலந்து கரைந்து போகுமே! "கீழ் மீனை இங்கே விடாதீங்க, இது வேற வம்சம், கலக்கக் கூடாது" என்று படபடத்தேன். அலமேலு சொம்பைப் பாறையில் வைத்தாள்.

"இன்னாம்மா, மீனுலயும் சாதி பாக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

குஞ்சு வண்டி

வெட்கமாகப் போய்விட்டது. உசத்தி தாழ்வு இல்லை, இந்த மீன் உங்கள் அம்மன் மடுவைத் தவிர வேறு எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை, இங்கே போனால் போனதுதான் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். ஊர் கூடிப் பேசியது. மடுவோரம் இருக்கும் அம்மன் கோயிலை ஒட்டிய பாறைக்குழியில் தண்ணீர் நிரப்பி, வேண்டுதல் மீனை இனி அதில் விடுவதாக முடிவானது. அலமேலுவுக்கு அரை மனசுதான். அவளுடைய மீன்தான் முதலில் குழிக்குப் போனது.

சில நாளில் குஞ்சு வண்டி வந்தது. என் ஆய்வு முடிவைக் காட்டினேன். மேலிடத்தில் பேசுங்கள், வந்த குஞ்சைத் திருப்ப முடியாது என்றார் கூட வந்த அதிகாரி. அலமேலு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"எங்க சொம்பு மீனு ஆவாதுன்னா, உங்க வண்டி மீனு மட்டும் எப்படி சார் ஆவும்?"

வண்டி திரும்பிக் கீழே ஏரிக்குப் போய்விட்டது என்றாலும், மீனுக்கு வம்சம் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்ததை மனிதர்களிடம் வாய் திறந்து சொல்வதுதான் இந்தத் தொழிலில் உயிர் போகிற வேலை.