முன்னறிவித்தல் கொடுத்து முகர்ந்த காற்று

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாகனங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கராஜ் ஒன்று வந்தது. அங்கே ஸ்பிரே தொடங்கினால் இங்கே என் மனைவிக்கு மூச்சிழுப்பு தொடங்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்மார் அவளைச் சொந்தக்காரி போல நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் வேலை பார்ப்பதோ பிரதேச சபையில், அதுவும் சுற்றாடல் உரிமக் கிளையில்! “நீங்க அங்க இருந்தும் எனக்கு மூச்சு முட்டுது. வெக்கமா இல்லையா?” என்றாள். ரோஷம் வந்து அவள் பெயரில் முறைப்பாடு எழுதினேன். மறுநாள் நானே கொண்டுபோய், நானே சீல் குத்தி, நானே பெற்றுக்கொண்டேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பழக்கம். சோதனைக்கு இன்ன திகதி, இத்தனை மணிக்கு வருகிறோம் என்று ஒரு வாரம் முன்னாலேயே முதலாளிக்குக் கடிதம் போடுவோம். போன இடம் பூட்டிக் கிடந்தால் பயணம் வீண் அல்லவா! அந்தக் கடிதங்களை அடிப்பவன் நான்தான். பழகிய கை, மற்றக் கடிதங்களோடு இந்தக் கராஜ் முதலாளிக்கும் ஒன்றை அடித்துத் தபாலில் போட்டுவிட்டது. மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

சோதனை நாளில் அதிகாரியோடு நானும் போனேன். கராஜ் கழுவித் துடைத்துக் கிடந்தது. ஸ்பிரே துப்பாக்கியைக் கண்ணாலும் காணவில்லை. சாமிப் படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்தது. முதலாளி இஞ்சிப் பிளேன்டீயோடு வந்து, “வாங்க சார், ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்” என்றார். பாவம், பொய்யே சொல்லவில்லை.

காற்றை அளக்கும் மெசின் பழுதாகி ரொம்ப நாள். அதனால் எங்கள் அதிகாரி அரசாங்க மூக்கை நீட்டி நாலு பக்கமும் முகர்ந்தார். முறைப்பாட்டுக்காரி என் மனைவி என்பது அவருக்குத் தெரியாது.

“நல்ல வாசந்தானே?” என்று என்னிடம் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மறுநாளே ஸ்பிரே மறுபடி சீறியது. ‘முறைப்பாடு நிரூபிக்கப்படவில்லை’ என்று நான் அடித்த பதில் அடுத்த வாரம் தபாலில் வீட்டுக்கு வந்தது. யன்னலையெல்லாம் அடைத்துவிட்டு, படுக்க ஏலாமல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் மனைவி. சபையின் உறையைப் பிரிக்காமலே என்னிடம் நீட்டினாள்.

“நீங்க எழுதுனதா?”

“ஆமா.”

“அப்ப நீங்களே வாசிங்க. எனக்கு அவ்வளவு மூச்சு இல்ல.”