பூண்டுத் தராசில் வள்ளியின் எடை

செய்தியைக் காய்கறி லாரிக்காரர்தான் கொண்டுவந்தார். நான் குனிந்து பூண்டு நிறுத்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, தராசம்மா தவறிட்டாங்களாம். மதுரையில நேத்தே எடுத்துட்டாங்களாம்” என்றார். தட்டு ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. நான் அதைச் சரிசெய்யவில்லை.

இந்த நினைவு மலரைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் ஞானசௌந்தரி அம்மையார், கல்லூரி ஆராய்ச்சியாளர். கொடைக்கானல் மலையில் பூண்டியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களுக்குத் தராசம்மா. உங்களைப்போல் அவரது கட்டுரைகளைப் படித்தவன் அல்ல நான். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். கூட்டினால் பத்து வருகிறது என்று சொல்லிக்கொள்வேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ரோடு வராத காலம். கொடைக்கானலிலிருந்து நடந்தே வந்தார். மலைப் பிள்ளைகள் வகுப்பில் ஏன் தூங்கி விழுகிறார்கள், ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதே அவர் ஆராய்ச்சி. அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்து நோட்டில் எழுத வேண்டும். எடைக்கருவியைச் சுமந்த குதிரை வழியில் சறுக்கிக் கருவி உடைந்துபோனதால், என் பூண்டுத் தராசைக் கேட்டார். ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் எடைக்கல். ஊரே கூடிவிட்டது.

என் மகள் வள்ளிக்கு எட்டு வயது. அவள் முறை வருமுன்பே என் மச்சான் ஆரம்பித்தான்: “ஏலே மாப்ளே, ஒம்மகளுக்கு எடைக்கல்லு எதுக்கு? ரெண்டு பூண்டு போதுமே!” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவளை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், கம்பளிக் கோட்டின் இரண்டு பையிலும் கற்களைப் போட்டேன். எடை கூட்ட மூட்டைக்குள் ஈரப் பூண்டைத் தள்ளிவிட்டுப் பழகிய கை, சொல்லித்தரவா வேண்டும்?

“அப்பா, கல்லு குத்துது.”

“சும்மா இரு தாயி. வெரசா எறங்கிரலாம்.”

அம்மையார் எடையை எழுதிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். “இருமுறாளே, ரொம்ப நாளா இருமல் இருக்குங்களா?”

“பனிக்கு எல்லாரும் இருமத்தானங்க செய்றோம்” என்றேன்.

எதற்காக நிறுக்கிறார் என்று நான் கேட்கவேயில்லை. எடை குறைந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பள்ளியில் அவர்களுக்குப் பால் கிடைக்க வழிசெய்தார். அந்தப் பட்டியலில் மச்சான் மகள் இருந்தாள். வள்ளி இல்லை. அன்று நான் மீசையை முறுக்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் புரிந்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊர் சிரிக்குமே என்று வாய் வரவில்லை.

மார்கழிப் பனியில் வள்ளி போய்விட்டாள். நெஞ்சுச்சளி என்றார்கள். என் மனைவி இன்றுவரை தராசுப் பக்கம் வருவதில்லை.

தை முடிவதற்குள் அம்மையார் வந்தார். “எடை சரியாத்தானே இருந்துச்சு? எப்படிங்க?” என்று கேட்டார். சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான் தராசைத்தான் பார்த்தேன். பிள்ளையைப் பார்க்கலை” என்றார்.

மறுநாள் வெள்ளனே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். “அடுத்த ஊருக்கு என்கூட வாங்க. எங்கிட்டச் சொன்னதை அங்க இருக்கிற அப்பன்மார்கிட்டயும் சொல்லுங்க.”

“கல்லால அடிப்பாங்கம்மா.”

“அடிக்கட்டும். அந்தக் கல்லு பிள்ளைக பைக்குள்ள போகாதுல்ல?”

அப்படித்தான் ஊர் ஊராகப் போனோம். தராசை நான் தூக்குவேன். நிறுக்குமுன் என் கதையைச் சொல்வேன். கல் போட்ட இடம்வரை சிரிப்பார்கள். இருமலுக்கு வந்ததும் அடங்கிவிடுவார்கள். ஓர் ஊரில் ஒருவன் எழுந்துபோய், தன் மகள் மடியிலிருந்து கல்லை எடுத்துக் கீழே வைத்தான். கூட வரும் மாணவிகளிடம் அம்மையார் எப்போதும் சொல்வது இது: “முதல்ல முகத்தை எழுதுங்க. அப்புறம் எடையை எழுதுங்க.”

கடைசியாக வந்தபோது உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார். வள்ளி பெயருக்கு எதிரே இருந்த எடையை ஒரே கோட்டில் அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘பிழை என்னுடையது.’

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்தத் தாள்தான். அந்த வரியை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டுமென்று கொடைக்கானலில் ஒரு பேனா வாங்கினேன். அவர் கையெழுத்தின்மேல் கோடு போடக் கை வரவில்லை. பேனா சும்மாவே கிடந்தது.

இதை அந்தப் பேனாவால்தான் எழுதுகிறேன்.