ராவ் போட்ட கையெழுத்து

2022 நவம்பர் 15, செவ்வாய். காலை 5.10-க்கு எழுந்தேன். 6.05-க்கு ஷார்ஜா ரோலாவில் பஸ் ஏறி, 7.30-க்கு துபாய் ஆபீஸில் பஞ்ச் செய்தேன். டெண்டர் ஃபைலின் பக்க எண்களைச் சரிபார்த்தேன். கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு செய்யும் கம்பெனியில் நான் டாகுமெண்ட் கன்ட்ரோலர்.

பத்து மணிக்கு ஒரு மருத்துவமனைக் கட்டடத்துக்கான ப்ரீ-பிட் மீட்டிங். அதற்கு வராத கம்பெனி டெண்டர் போட முடியாது. இந்த வேலை கிடைக்காவிட்டால் ஆபீஸில் பாதிப் பேருக்கு விசா புதுப்பிக்கப்படாது என்று எம்.டி. முத்தையா முந்தின நாளே சொல்லியிருந்தார். என் விசா டிசம்பரில் முடிகிறது. இங்கே படிக்கும் மகளுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

எங்கள் சார்பில் போனவர் எஸ்டிமேஷன் மேனேஜர் மாதவராவ். தஞ்சாவூர் மராத்தியர். அவருடைய மூதாதை ஒருவர் பேஷ்வாவிடம் கோபித்துக்கொண்டு நிஜாமிடமும், நிஜாமிடம் கோபித்துக்கொண்டு பேஷ்வாவிடமும் போய், ஒவ்வொரு முறையும் ஒரு ஜாகீர் நிலம் கூடுதலாக வாங்கியவராம். ராவ் குடும்ப மரபைக் கைவிடவில்லை. எங்களுக்கும் எதிர்க் கம்பெனிக்குமாக ஆறு வருடத்தில் நான்கு முறை மாறியவர். ஒவ்வொரு முறையும் பதவிப் பெயர் நீளும். இந்த முறை எங்களிடம் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கம்பெனிக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். கூடப் போன நான் ஃபைலுடன் கன்சல்டண்ட் ஆபீஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்தேன். 11.40-க்கு ராவ் வெளியே வந்தார்.

“எப்படி சார் போச்சு?”

“நான் கேட்ட கேள்விக்கு கன்சல்டண்டே முழிச்சான் ஓய். சபையே அசந்துபோச்சு.”

மாலை 3.15-க்கு மீட்டிங் மினிட்ஸ் மெயிலில் வந்தது. வருகைத் தாளில் எங்கள் கம்பெனி இல்லை. எதிர்க் கம்பெனி இருந்தது. அதற்கு நேரே ராவின் கையெழுத்து, வழக்கமான கம்பீரத்துடன். அவர்களுடைய ஆள் ஷார்ஜா டிராஃபிக்கில் மாட்டி, வரவே இல்லையாம்.

“என்னய்யா இது? சோறு இங்க, கையெழுத்து அங்கயா?” என்றார் எம்.டி.

“கை பழக்கத்துல எழுதிடுச்சு சார். பத்து நாள் முன்னாடி வரைக்கும் அங்கதானே இருந்தேன்.”

எம்.டி. உடனே கன்சல்டண்டுக்குப் போன் செய்தார். தாளில் பெயர் இல்லை, கலாஸ், முடிந்தது என்று போனை வைத்துவிட்டார்கள்.

4.30-க்கு ராவுக்கு எதிர்க் கம்பெனியிலிருந்து அழைப்பு. ஆளே அனுப்பாத அவர்களைத் தகுதி பெற வைத்த ராஜதந்திரி அல்லவா? பேசி முடித்துவிட்டு ராஜினாமாக் கடிதத்துக்கு என்னிடமே தாள் கேட்டார்.

“டெக்னிக்கல் டைரக்டர்னு கூப்பிடறாங்க ஓய். மாட்டேன்னா மரியாதையா இருக்காது.”

5.30-க்கு எம்.டி. விசா புதுப்பிக்காதவர்களின் பட்டியலைத் தந்தார். டைப் செய்யும் பொறுப்பு என்னுடையது. மூன்றாவது பெயர் நான். பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனியில் இருந்தேன். அந்த விசுவாசத்துக்கு ஆபீஸில் எந்த ஃபைலும் இல்லை என்பதை, எல்லா ஃபைல்களையும் வைத்திருந்த நானே கடைசியில்தான் கவனித்தேன்.

மறுநாள் காலை 7.05-க்கு, பஞ்ச் செய்வதற்கு முன், எதிர்க் கம்பெனி வாசலில் நின்று ராவுக்கு வணக்கம் சொல்லி, என் சி.வி.-யைக் கொடுத்தேன்.